உம்கொம்போத்தி

உம்கொம்போத்தி என்பது சோளம், மக்காச்சோளம் ஆகிய தானியங்களை நொதிக்கச் செய்து தயாரிக்கப்படும் தென்னாப்பிரிக்க மரபுவழிப் பானம் ஆகும். இது பியர் வகையைச் சேர்ந்தது. சாராயத்தைப் போல ஆவியாக்கி வடித்து எடுக்கப்படுவதன்று. பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு நிறமும், நீர்த்த கூழ் போன்ற தடிப்பும், புளிப்பு மணமும் இதன் அடையாளங்களாகும். இதிலுள்ள மதுசாரத்தின் அளவு குறைவு; வீடுகளில் தயாரிக்கப்படும் பானத்தில் அது பொதுவாக 3 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்.

திருமணம், இறுதிச்சடங்கு, மூதாதையர் வழிபாடு, வயல் வேலை முதலிய நிகழ்வுகளில் இப்பானம் பகிர்ந்து குடிக்கப்படுகிறது. இதனைத் தயாரிப்பது மரபாகப் பெண்களின் பணியாகும். 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்னாப்பிரிக்க நகராட்சிகள் இதன் தயாரிப்பையும் விற்பனையையும் தம் தனியுரிமையாக்கிக் கொண்டன. நகரங்களில் பெண்கள் தம் வீட்டில் இதனைத் தயாரிப்பது குற்றமாக்கப்பட்டது. அதனால் இப்பானத்தின் வரலாறு அந்நாட்டின் இனவொதுக்கல் வரலாற்றோடும் அதற்கெதிரான போராட்டங்களோடும் பிணைந்துள்ளது.

பெயர்

'உம்கொம்போத்தி' என்பது கோசா மொழிச் சொல்லாகும். தமிழில் 'கொ' என்று எழுதப்படும் இடத்தில் கோசா மொழியில் ஒரு சொடுக்கொலி வருகிறது. நாவை மேலண்ணத்தில் ஒட்டி, சட்டென்று விடுவிக்கும்போது இவ்வொலி பிறக்கும். இதற்கு இணையான எழுத்து தமிழில் இல்லை. சூலு மொழியில் இவ்வகைப் பானம் 'உட்சுவாலா' எனவும், சோத்தோ மொழியில் 'ஜோவாலா' எனவும், சுவானா மொழியில் 'போஜல்வா' எனவும், சிம்பாப்வேயின் சோனா மொழியில் 'தோரோ' எனவும் அழைக்கப்படுகிறது. செய்முறையில் இடத்துக்கு இடம் சிறு வேறுபாடுகள் இருப்பினும் அடிப்படை ஒன்றே.

வெள்ளையர் ஆட்சிக் காலத்துச் சட்டங்களும் அலுவலக ஆவணங்களும் கறுப்பின மக்களைக் குறிக்கும் ஓர் இழிசொல்லை அடைமொழியாகக் கொண்டு இப்பானத்தைக் குறிப்பிட்டன. பின்னர் அது 'பாண்டு பியர்' எனவும், அதன் பின்னர் 'சோள பியர்' எனவும் மாற்றப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் 2003 ஆம் ஆண்டு மதுபானச் சட்டம் 'மரபுவழி ஆப்பிரிக்க பியர்' என்னும் பெயரைப் பயன்படுத்துகிறது.

இக்கட்டுரையில் 'சோளம்' என்பது தமிழ்நாட்டில் வெள்ளைச்சோளம், செஞ்சோளம் எனப்படும் தானியத்தைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழ் வழக்கில் இது இறுங்கு எனப்படும். அங்கு சோளம் எனப்படுவது இங்கு மக்காச்சோளம் என்று குறிப்பிடப்படுகிறது.

தானியங்கள்

சோளத்தின் தாயகம் ஆப்பிரிக்கா ஆகும். இன்றைய சூடானின் கிழக்குப் பகுதியில் கி.மு. நான்காம் ஆயிரமாண்டில் சோளம் பயிரிடப்பட்டதற்குத் தொல்லியல் சான்றுகள் கிடைத்துள்ளன. கிறித்து பிறப்பிற்குப் பிந்தைய முதல் ஆயிரமாண்டின் தொடக்க நூற்றாண்டுகளில், இரும்புக் கருவிகளைப் பயன்படுத்திய உழவர் குழுக்கள் இத்தானியத்தைத் தென்னாப்பிரிக்கப் பகுதிக்குக் கொண்டுவந்தனர். சோளமும் கேழ்வரகும் இந்தியத் துணைக்கண்டத்திற்கும் ஆப்பிரிக்காவிலிருந்தே வந்து சேர்ந்தவை.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திற்குரியது. 16 ஆம் நூற்றாண்டிற்குப் பின்னரே ஆப்பிரிக்காவில் பரவியது. ஆகவே மிகப் பழைய காலத்தில் இவ்வகைப் பானம் சோளம் அல்லது சிறுதானியங்களைக் கொண்டே தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். மக்காச்சோளம் விளைச்சல் மிகுந்ததாகவும், பறவைகளின் சேதத்திற்கு எளிதில் உள்ளாகாததாகவும் இருந்தமையால் படிப்படியாகப் பானத்தின் பெரும்பகுதி மாவு அதுவாயிற்று. எனினும் முளைகட்டுவதற்கான தானியமாகச் சோளமே நிலைத்துவிட்டது. பானத்தின் நிறத்தையும் மணத்தையும் பெருமளவில் தருவதும் முளைகட்டிய சோளமே.

தயாரிப்பு முறை

உம்கொம்போத்தி தயாரிக்கப் பொதுவாக ஒரு வாரத்திற்குக் குறைவான காலமே தேவைப்படும். முளைகட்டிய மாவை முன்னரே ஆயத்தம் செய்து வைப்பர். செய்முறையின் படிகள் பின்வருமாறு:

1. முளைகட்டுதல்: சோளத்தை ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரச் சாக்கு அல்லது இலைகளால் மூடி முளைக்க விடுவர். முளைவிட்ட தானியத்தை வெயிலில் உலர்த்தி, கல்லில் அரைத்து மாவாக்குவர்.

2. புளிக்க வைத்தல்: மக்காச்சோள மாவையும் முளைகட்டிய சோள மாவையும் ஒரு பெரிய பானையிலிட்டு, வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கலந்து, வெப்பமான இடத்தில் ஓர் இரவு முழுவதும் வைப்பர். மறுநாள் கலவையில் குமிழிகள் தோன்றிப் புளிப்பு மணம் எழும்.

3. சமைத்தல்: புளித்த கலவையில் ஒரு சிறு பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதை நெருப்பிலேற்றிக் கூழாகக் காய்ச்சுவர். பின்னர் அக்கூழை நன்கு ஆறவிடுவர்.

4. நொதிக்கச் செய்தல்: ஆறிய கூழைப் பெரிய பாண்டத்தில் ஊற்றி, எடுத்து வைத்திருந்த புளித்த பகுதியையும் மேலும் சிறிது முளை மாவையும் சேர்த்து, மரத் துடுப்பால் கிளறி, மூடி, போர்வை சுற்றி வைப்பர். முந்தைய பானத்தின் அடிமண்டியைச் சேர்ப்பதும் உண்டு. தற்காலத்தில் பலர் கடையில் கிடைக்கும் மதுவத்தை (ஈஸ்ட்) சேர்க்கின்றனர்.

5. வடிகட்டுதல்: நொதித்தல் போதிய அளவை எட்டியதும், புல்லால் முடைந்த நீண்ட பையில் ஊற்றிப் பிழிந்து வடிகட்டுவர். சூலு மொழியில் இப்பை 'இவோவோ' எனப்படும். எஞ்சிய சக்கை கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் உணவாகும்.

பானம் ஆயத்தமாகிவிட்டதா என்பதை அறிய எரியும் தீக்குச்சியைப் பாண்டத்தின் வாயருகே பிடித்துப் பார்ப்பது ஒரு வழக்கம். நொதித்தலின்போது வெளிவரும் கரியமில வாயு பாண்டத்தின் மேற்பகுதியில் தேங்கி நிற்பதால் தீக்குச்சி உடனே அணையும். அவ்வாறு அணைந்தால் நொதித்தல் நன்கு நடைபெறுகிறது எனக் கொள்வர்.

செய்முறையின் அறிவியல்

இச்செய்முறையில் இரண்டு வேறுபட்ட நொதித்தல்கள் நடைபெறுகின்றன. முதலாவது, இலாக்டிக் அமில பாக்டீரியாக்களால் ஏற்படும் புளிப்பு. இரண்டாவது, மதுவத்தால் சர்க்கரை மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாறுதல். முதல் நாள் கலவையில் உண்டாகும் அமிலம் கேடு விளைவிக்கும் பல பாக்டீரியாக்கள் வளர்வதைத் தடுத்து, மதுவம் தடையின்றி வளர வழி செய்கிறது.

மதுவத்தால் மாவுச்சத்தை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. தானியம் முளைக்கும்போது உருவாகும் அமிலேசு என்னும் நொதியமே மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. இந்நொதியம் கொதிநிலையில் அழிந்துவிடும். ஆனால் சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றின் மாவுச்சத்து நன்கு வெந்தாலன்றி நொதியத்திற்கு எளிதில் இடங்கொடாது. மாவை முதலில் கூழாகக் காய்ச்சி, ஆறிய பின்னரே முளை மாவை மீண்டும் சேர்க்கும் மரபு இவ்விரண்டு தேவைகளையும் ஒருசேர நிறைவு செய்கிறது. நொதியங்களைப் பற்றிய அறிவியல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்முறை பட்டறிவால் கண்டறியப்பட்டது.

ஐரோப்பிய பியருக்குப் பயன்படும் வாற்கோதுமையுடன் ஒப்பிடும்போது, முளைகட்டிய சோளத்தில் பீட்டா-அமிலேசு நொதியம் குறைவு. எனவே மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாக மாறுவதில்லை. எஞ்சிய மாவுச்சத்தும் தானியத் துகள்களும் மதுவமும் பானத்திலேயே மிதப்பதால் அது தெளிவற்றதாகவும் தடித்ததாகவும் உள்ளது. ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ இதில் சேர்க்கப்படுவதில்லை. குடிக்கும் நேரத்திலும் நொதித்தல் தொடர்ந்துகொண்டிருக்கும். அதனால் சில நாட்களுக்குள் குடித்து முடிக்க வேண்டும். தவறினால் அசெட்டிக் அமிலம் மிகுந்து காடியைப் போலாகிவிடும்.

முளைத்த சோளத்தின் குருத்திலும் வேரிலும் தூரின் என்னும் பொருள் உள்ளது. இதிலிருந்து நச்சுத்தன்மை வாய்ந்த ஐதரசன் சயனைடு வெளிப்படக்கூடும். முளைகளை நீக்குதல், உலர்த்துதல், காய்ச்சுதல் ஆகிய படிகள் இதன் அளவைக் குறைக்கின்றன.

தென்னாப்பிரிக்காவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் 1950களிலிருந்து சோளத்தை முளைகட்டுதல் குறித்தும் இப்பானத்தின் தயாரிப்பு குறித்தும் விரிவான ஆய்வுகளை மேற்கொண்டது. இவ்வாய்வுகளில் லாரன்சு நொவெல்லி என்பவரின் பங்கு குறிப்பிடத்தக்கது.

சமூகத்தில் இடம்

கோசா, சூலு மக்களின் நம்பிக்கைப்படி, இறந்த மூதாதையர் குடும்பத்தோடு தொடர்ந்து உறவு கொண்டுள்ளனர். அவர்களை அழைக்கவும், அவர்களுக்கு நன்றி செலுத்தவும் இப்பானம் படைக்கப்படுகிறது. சூலு மக்களின் வட்டக் குடிலில் வாயிலுக்கு எதிர்ப்புறமுள்ள பின்பகுதி 'உம்சமோ' எனப்படும். அது மூதாதையருக்குரிய இடமாகும். சடங்கிற்கு முந்தைய இரவில் ஒரு பானைப் பானம் அங்கு வைக்கப்படும். மழைக்கும் பயிர்வளத்திற்கும் உரிய சூலுப் பெண் தெய்வமான நோம்குபுல்வானே இப்பானத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறார்.

குடிப்பதற்கான உருண்டை வடிவ மண்கலம் 'உகாம்பா' எனவும், அதன் மேல் வைக்கப்படும் முடைந்த மூடி 'இம்பெங்கே' எனவும் சூலு மொழியில் அழைக்கப்படும். மண்கலத்தை இரண்டாம் முறை புகையில் சுட்டுக் கருநிறமாக்கி, கொழுப்புத் தடவி மெருகேற்றுவர். கருநிறம் மூதாதையருக்கு உகந்தது என்பது நம்பிக்கை. இக்கலங்களை வனைபவர்களும் பெண்களே.

பானம் பரிமாறப்படும்போது, அதனைத் தயாரித்த பெண் அல்லது விருந்தளிக்கும் குடும்பத்தவர் முதலில் ஒரு மிடறு குடித்துக் காட்டுவர். பானத்தில் தீங்கு எதுவும் இல்லை என்பதற்கு இது உறுதியாகும். பின்னர் ஒரே கலம் வயது, தகுதி ஆகியவற்றின் வரிசைப்படி கைமாறிச் செல்லும். நின்றபடி குடிப்பது முறையன்று.

களையெடுத்தல், அறுவடை போன்ற பெரிய வேலைகளுக்கு அண்டை அயலாரை அழைத்து, வேலை முடிவில் பானம் வழங்கும் வழக்கம் 'இலிமா' எனப்படும். இங்குப் பானம் கூலியன்று. ஒருவருக்கொருவர் உதவும் கடப்பாட்டின் அடையாளமாகும். கோசா மக்களின் இத்தகைய கூட்டங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் பேட்ரிக் மெக்காலிஸ்டர், 2006 இல் இதுபற்றித் தனிநூல் வெளியிட்டார். ஆண்கள் தொலைதூரச் சுரங்கங்களுக்கு வேலைக்குச் சென்றுவிட்ட ஊர்களில், அவர்களை வழியனுப்பவும் வரவேற்கவும் நடத்தப்பட்ட பான விருந்துகள் சமூகம் சிதையாமல் காக்க உதவின என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டுகின்றன.

நகராட்சித் தனியுரிமை

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரங்கங்கள், துறைமுகங்கள் ஆகியவற்றின் வளர்ச்சியால் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்க ஆண்கள் நகரங்களில் குடியேறினர். ஐரோப்பிய வகை மதுபானங்களை வாங்க அவர்களுக்குத் தடை இருந்தது. அவர்களுக்கு மரபுவழிப் பானத்தைத் தயாரித்து விற்பது, நகரத்தில் வேறு தொழில் வாய்ப்புகள் அற்ற ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வாழ்வாதாரமாயிற்று. எல்லன் எல்மன் 1930களில் ஜோகன்னசுபர்க்கு நகரின் ரூயார்டு என்னும் குடிசைப்பகுதியில் மேற்கொண்ட ஆய்வு, கணவனின் கூலி மட்டும் குடும்பத்திற்குப் போதாத நிலையில் மனைவியின் பான விற்பனை எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதைப் பதிவு செய்துள்ளது.

1908 ஆம் ஆண்டில் நட்டால் குடியேற்ற அரசு இயற்றிய சட்டம், இப்பானத்தைத் தயாரித்து விற்கும் தனியுரிமையை நகராட்சிகள் எடுத்துக்கொள்ள வழி செய்தது. டர்பன் நகரம் 1909 இல் தன் பியர் கூடங்களைத் திறந்தது. இக்கூடங்களின் வருவாய் தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, ஆப்பிரிக்கத் தொழிலாளர் விடுதிகள், அவர்களைக் கண்காணிக்கும் நிருவாகம், காவல் முதலியவற்றிற்குச் செலவிடப்பட்டது. வெள்ளையர் செலுத்தும் வரியைத் தொடாமல், ஆப்பிரிக்கரின் பணத்தைக் கொண்டே அவர்களை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு நடத்தப்பட்டது. 'டர்பன் முறைமை' எனப் பெயர்பெற்ற இத்திட்டம், 1923 ஆம் ஆண்டு நகர்ப்பகுதிச் சட்டத்தின் மூலம் நாட்டின் பிற நகரங்களும் பின்பற்றத்தக்கதாயிற்று.

இதன் விளைவாக, தாய்வழியாகக் கற்ற பானத்தை வீட்டில் தயாரித்த நகரப் பெண்கள் சட்டத்தின் முன் குற்றவாளிகளாயினர். காவலர் வீடுகளைச் சோதனையிட்டுப் பானத்தைத் தரையில் கொட்டினர். பெண்கள் தண்டத்தொகை செலுத்தினர் அல்லது சிறை சென்றனர். சோதனைக்கு அஞ்சிப் பானக் கலன்களை மண்ணில் புதைத்து வைக்கும் பழக்கம் ஏற்பட்டது. பல நாட்கள் நொதிக்க வேண்டிய பானத்தை மறைப்பது கடினமாகையால், விரைவில் ஆயத்தமாகும் கடுமையான போதைக் கலவைகள் நகரங்களில் பெருகின. அவற்றுள் 'சுகோக்கியான்' என்பது பெயர்பெற்றது. உரிமமின்றி மது விற்கும் வீடுகள் 'ஷெபீன்' எனப்பட்டன. இது அயர்லாந்திலிருந்து வந்த சொல்லாகும்.

எதிர்ப்புப் போராட்டங்கள்

1929 ஆம் ஆண்டில் டர்பன் நகரில் பியர் கூடப் புறக்கணிப்பு நடைபெற்றது. ஏ. டபிள்யூ. ஜி. சாம்பியன் தலைமையிலான தொழிலாளர் சங்கம் இதில் முன்னின்றது. அவ்வாண்டு சூன் மாதத்தில் மூண்ட மோதலில் உயிரிழப்புகள் நேர்ந்தன. அதே ஆண்டில் நட்டாலின் சிற்றூர்களிலும் பெண்கள் திரண்டு பியர் கூடங்களை முற்றுகையிட்டனர். 1937 செப்டம்பரில் பெரீனிகிங் நகரில் காவலர் நடத்திய பானச் சோதனைகள் கலவரத்தில் முடிந்தன.

1959 சூன் மாதத்தில் டர்பனை அடுத்த கேட்டோ மேனர் பகுதியில் நடந்த போராட்டம் மிகப் பெரிதாக அறியப்படுகிறது. இப்பகுதியின் நிலங்கள் பெருமளவில் இந்திய வம்சாவளியினருக்கு உரியவையாக இருந்தன. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர் உள்ளிட்ட இந்தியரின் வழித்தோன்றல்கள் இங்குக் காய்கறித் தோட்டம் வைத்திருந்தனர். பின்னர் ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பெருந்தொகையாகக் குடியேறின. குடியிருப்புகளை அகற்றும் திட்டத்தோடு காவலரின் பானச் சோதனைகளும் கடுமையானபோது, பெண்கள் கையில் தடிகளுடன் நகராட்சிப் பியர் கூடத்தினுள் புகுந்து, அங்கிருந்த ஆண்களை வெளியேற்றிப் பானத்தைக் கொட்டி அழித்தனர். டாரதி நியெம்பே, புளோரன்சு ம்கீசே ஆகியோர் இப்போராட்டத்தில் முன்னின்றவர்கள். வீட்டில் தயாரிக்கும் உரிமை பறிக்கப்பட்டதுடன், குடும்பத்திற்குச் சேர வேண்டிய கூலி நகராட்சிக் கூடத்தில் செலவாவதும் பெண்களின் குறையாக இருந்தது. போராட்டம் நட்டாலின் பிற பகுதிகளுக்கும் பரவியது.

ஐரோப்பிய வகை மதுபானங்களை ஆப்பிரிக்கர் வாங்குவதற்கு இருந்த தடை 1962 இல் நீக்கப்பட்டது. அதன் பின்னரும் சோள பியர் வருவாய் கறுப்பினக் குடியிருப்புகளின் நிருவாகத்திற்கு முதன்மை நிதியாதாரமாகத் தொடர்ந்தது. 1976 சூன் 16 அன்று சொவேட்டோவில் தொடங்கிய மாணவர் எழுச்சியின்போது நிருவாக அலுவலகங்களோடு பியர் கூடங்களும் மதுக்கடைகளும் தீக்கிரையாக்கப்பட்டன. தம் பெற்றோரின் வறுமைக்கும் ஒடுக்குமுறைக்கும் உரிய சின்னமாக மாணவர்கள் அக்கூடங்களைக் கண்டனர்.

தொழில்முறைத் தயாரிப்பு

நகராட்சிக் காய்ச்சகங்களில் வளர்ந்த தொழில்நுட்பம் பின்னர் தனியார் தொழிலாயிற்று. நொதித்தல் ஓயாத பானத்தை அடைத்து விற்பது இத்தொழிலின் முதன்மைச் சிக்கலாகும். இறுக மூடினால் கலன் வெடித்துவிடும் என்பதால், வாயு வெளியேறச் சிறு துளையுள்ள அட்டைப் பெட்டிகள் பயன்படுத்தப்பட்டன. வீட்டில் தயாரிக்க விரும்புவோருக்கு மக்காச்சோள மாவும் முளை மாவும் கலந்த பொதிகள் கடைகளில் விற்கப்படுகின்றன.

1950களில் வட ரொடீசியாவில் (இன்றைய சாம்பியா) மாக்சு ஐன்ரிக் என்பவர் 'சிபுக்கு' என்னும் வணிகப் பெயரில் இவ்வகைப் பானத்தைத் தயாரித்தார். குடிப்போரின் கருத்துகளை அவர் ஒரு புத்தகத்தில் குறித்து வந்தமையால், 'புத்தகம்' எனப் பொருள்படும் இப்பெயர் வந்ததாகக் கூறப்படுகிறது. அடியில் மண்டி படிவதால் குடிக்குமுன் பெட்டியைக் குலுக்க வேண்டும்; ஆகவே மக்கள் இதனை 'சேக் சேக்' என்றும் அழைக்கின்றனர். சிபுக்கு இன்று சிம்பாப்வே, சாம்பியா, மலாவி, போட்சுவானா முதலிய நாடுகளில் அறியப்படுகிறது.

தென்னாப்பிரிக்காவில் அரசு சார்ந்த காய்ச்சகங்கள் 1990 இல் தேசிய சோள பியர் நிறுவனமாக ஒருங்கிணைக்கப்பட்டுத் தனியார்மயமாயின. 1990களின் பிற்பகுதியில் இந்தியாவின் யுனைட்டெட் புரூவரீசு குழுமம் இந்நிறுவனத்தில் நுழைந்தது. பின்னர் உரிமை கைமாறி, 2020 இல் சிம்பாப்வேயின் டெல்ட்டா நிறுவனத்திடம் சென்றது.

உடல்நலம்

இப்பானம் வடிகட்டப்பட்டாலும் தெளிவாக்கப்படுவதில்லை. தானியத்தின் நுண்துகள்களும் மதுவமும் அதனோடு உட்கொள்ளப்படுவதால், தயமின், ரிபோபிளேவின், நியாசின் ஆகிய பி வகை உயிர்ச்சத்துகள் கிடைக்கின்றன. மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட மக்களிடையே நியாசின் குறைவால் பெல்லாகிரா நோய் தோன்றுவதுண்டு. அக்குறையை இப்பானம் ஓரளவு ஈடு செய்தது. தங்கச் சுரங்க நிறுவனங்களும் தம் தொழிலாளர்களுக்கு இதனை உணவுப் பங்கீட்டின் பகுதியாக வழங்கின.

பயன்படுத்தும் கலமும் தானியத்தின் தரமும் பானத்தின் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன. மண்பானைகளுக்கு மாற்றாக இரும்புப் பானைகளும் எஃகு உருளைகளும் வந்தபோது, பானத்தின் அமிலம் இரும்பைக் கரைத்தது. அவ்வாறு கரைந்த இரும்பு உடலில் எளிதில் சேர்ந்து, கல்லீரல் இழைநார் வளர்ச்சி முதலிய நோய்களுக்குக் காரணமாயிற்று. ஆப்பிரிக்க இரும்பு மிகைநிலை என்று இன்று அழைக்கப்படும் இந்நோய் 1929 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பானத்தோடு மரபணுக் கூறும் இதற்குக் காரணமாகலாம் என்று 1992 இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. துருப்பிடிக்காத எஃகுக் கலன்களில் தயாரிக்கப்படும் தொழிற்சாலைப் பானத்தில் இச்சிக்கல் இல்லை.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைப் பயன்படுத்தினால் பியூமோனிசின் என்னும் நச்சுப்பொருள் பானத்தில் கலக்கும். 1988 இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களால் கண்டறியப்பட்ட இந்நச்சு, கிழக்குக் கேப் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் உணவுக்குழாய்ப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தி ஆராயப்பட்டு வருகிறது.

2015 சனவரியில் மொசாம்பிக்கின் டேட்டே மாகாணத்திலுள்ள சித்திமா என்னும் ஊரில், 'பொம்பே' எனப்படும் மரபுவழிப் பானத்தைக் குடித்த 75 பேர் இறந்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பானத்தில் முதலையின் பித்தம் கலக்கப்பட்டதாக முதலில் வதந்தி பரவியது. ஆய்வில், கெட்டுப்போன மக்காச்சோள மாவில் வளர்ந்த பாக்டீரியா ஒன்று உருவாக்கிய பாங்கிரெக்கிக் அமிலமே காரணம் எனத் தெரியவந்தது. இந்நச்சு சமைப்பதால் அழிவதில்லை. ஆகவே காய்ச்சுவதும் புளிக்க வைப்பதும் கெட்ட தானியத்தை நல்லதாக்கிவிடா. தொடக்கத்திலேயே நல்ல தானியத்தைத் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது.

இசையில்

தென்னாப்பிரிக்கப் பாடகி இவோன் சாக்கா சாக்கா 1980களின் பிற்பகுதியில் பாடிய 'உம்கொம்போத்தி' என்னும் பாடல் ஆப்பிரிக்கா முழுவதும் புகழ்பெற்றது. இது பானம் தயாரிக்கும் பெண்ணைப் பற்றிய பாடலாகும். ருவாண்டா இனப்படுகொலையைக் கருவாகக் கொண்ட 2004 ஆம் ஆண்டுத் திரைப்படமான 'ஹோட்டல் ருவாண்டா'வின் தொடக்கத்தில் இப்பாடல் இடம்பெற்றுள்ளது. 'சுகோக்கியான்' என்னும் பானத்தின் பெயரால் அமைந்த இசைக்கோவை ஒன்றும் உண்டு. அதனை ரொடீசிய இசைக்கலைஞர் ஆகசுட்டு முசருர்வா இயற்றினார். லூயி ஆம்சுட்ராங் 1954 இல் அதனைப் பதிவு செய்தார்.

தொடர்புடைய பானங்கள்

ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலும் இதனையொத்த தானியப் பானங்கள் பல உள்ளன. அவற்றுள் சில:

- மகேவு: தென்னாப்பிரிக்கா. மக்காச்சோளக் கூழைப் புளிக்க வைத்துச் செய்வது. மதுசாரம் ஏறத்தாழ இல்லாததால் குழந்தைகளும் குடிப்பர்.
- தோலோ: புர்க்கினா பாசோ. செஞ்சோளத்திலிருந்து பெண்களால் தயாரிக்கப்படுவது.
- பித்தோ: கானா, நைசீரியா. சோளம் அல்லது சிறுதானியப் பானம்.
- புருக்குத்து: நைசீரியா. தடித்த சோளப் பானம்.
- மெரிசா: சூடான். சோளப் பானம்.
- தெல்லா: எத்தியோப்பியா. தானியங்களோடு கெசோ என்னும் செடியின் இலை கசப்பிற்காகச் சேர்க்கப்படுகிறது.
- அஜோன்: உகாண்டா. கேழ்வரகிலிருந்து தேசோ மக்களால் தயாரிக்கப்படுவது. பொதுப் பானையைச் சுற்றி அமர்ந்து நீண்ட குழல்களால் உறிஞ்சிக் குடிப்பர்.

இன்றைய நிலை

இனவொதுக்கல் ஆட்சி 1994 இல் முடிவுக்கு வந்த பின்னர், தென்னாப்பிரிக்க நகரங்களில் சடங்குகளுக்காக வீட்டில் உம்கொம்போத்தி தயாரிப்பது மீண்டும் இயல்பான நிகழ்வாயிற்று. அன்றாடக் குடிபானமாக வாற்கோதுமை பியர் இதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. ஆயினும் மூதாதையருக்குப் படைப்பதற்கு அதனை ஏற்ற மாற்றாகப் பலர் கொள்வதில்லை. சோளத்தை நவீன பியரில் பயன்படுத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அபிவே நுசுசானி-மவேலா போன்ற ஆப்பிரிக்கப் பெண்கள் சொந்தக் காய்ச்சகம் நிறுவி இத்துறையில் ஈடுபட்டுள்ளனர். எனினும் மரபுவழிச் செய்முறை இன்றும் பெரும்பாலும் எழுத்தில் அன்றி, ஊர்ப் பெண்களிடையே கைப்பழக்கமாகவே அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கப்படுகிறது.